கடனும் நம் குடும்பமும்: தவணைக்கு வாங்குமுன் ஒரு கணக்குப் பாடம்

நம் தோட்டத்தில் எந்த லயத்துக்குப் போனாலும் கடன் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. கடைக்காரரின் கொப்பியில் ஒரு கணக்கு, டவுனில் தவணைக்கு எடுத்த ஒரு சாமான், வங்கியில் அடகு வைத்த ஒரு சங்கிலி, வாராந்தக் கூட்டத்தில் கட்டும் ஒரு குழுக் கடன் என்று ஏதாவது ஒன்று இருக்கும். கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் எவ்வளவு கட்டுகிறோம், எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமல் கட்டிக்கொண்டிருப்பது குடும்பத்துக்கு ஆபத்து. ஆகவே இம்முறை நாம் நுகர்வோர் கடன் என்றால் என்ன, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதைப் படிப்போம். பக்கத்தில் ஒரு பேனையும் கொப்பியும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கூட உட்கார வையுங்கள்.

நுகர்வோர் கடன் என்றால் என்ன?

நுகர்வோர் என்றால் ஒரு பொருளை வாங்கிப் பாவிப்பவர். அரிசி, மா, உடுப்பு, டிவி, குளிர்சாதனப் பெட்டி, கைத்தொலைபேசி என்று வீட்டுப் பாவனைக்காக நாம் எடுக்கும் கடனே நுகர்வோர் கடன். பொருள் இன்று கைக்கு வருகிறது. காசு பிறகு போகிறது. இடையில் உள்ள காலத்துக்கு நாம் ஒரு கூலி கொடுக்கிறோம். அந்தக் கூலிக்குப் பெயர்தான் வட்டி. சில இடங்களில் அது வட்டி என்ற பெயரில் வரும். சில இடங்களில் பொருளின் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், கடன் என்பது நாளைய சம்பளத்தை இன்றைக்கே செலவழிப்பது. நாளைக்கு மலையில் எடுக்கப் போகும் கொழுந்துக்கு இன்றைக்கே சாப்பிடுகிறோம். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

நம் பாட்டன்மார் பட்ட கடன்

கடன் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. ஒரு கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் உள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவர்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள்தான் துண்டு. வேறு தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆட்கள் அங்கே போக முடியும். மனிதர்கள் கடனோடு சேர்த்துக் கைமாறினார்கள். எவ்வளவு கடன், எப்படி வந்தது என்று அந்த ஆட்களுக்கே தெரியாது. கணக்கு எழுதியது வேறு ஆள். 1921 ஆம் ஆண்டு சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

இன்று நம்மை யாரும் துண்டு எழுதி அனுப்புவதில்லை. ஆனால் கணக்கை மற்றவர் கையில் விட்டுவிட்டு, கேட்ட காசைக் கட்டுகிற பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. இந்தப் பாடத்தின் நோக்கம் அந்தக் கணக்கை நம் கைக்கு எடுப்பதுதான்.

நம்மிடம் உள்ள கடன் வகைகள்

1. கடைக் கணக்கு. மாதம் முழுவதும் சாமான் வாங்கிவிட்டுப் பத்தாந் திகதி சம்பளத்தில் கட்டுவது. வட்டி என்று கேட்க மாட்டார்கள். ஆனால் கைக்காசுக்குப் போகும் விலையும் கணக்குக்குப் போகும் விலையும் ஒன்றா என்று பாருங்கள். சீனியில் ஐந்து ரூபா, பருப்பில் பத்து ரூபா கூடினால் அதுவும் வட்டிதான்.

2. தோட்டத்தின் முற்பணம். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ எடுக்கும் முற்பணம் பெரும்பாலும் வட்டியில்லாதது. சம்பளத்தில் மாதாமாதம் கழிபடும். நமக்குக் கிடைக்கும் கடன்களில் மலிவானது இதுதான். ஆனால் கழிபடும் மாதங்களில் கைக்கு வரும் காசு குறையும் என்பதை மறக்கக்கூடாது.

3. தவணைக் கொள்வனவு. முதலில் ஒரு தொகை, பிறகு மாதாமாதம் தவணை. கடைசித் தவணை கட்டி முடியும்வரை பொருளின் சொந்தக்காரர் நாம் அல்ல, விற்றவர்தான். ஆகவே இடையில் அதை விற்கவோ அடகு வைக்கவோ நமக்கு உரிமை இல்லை.

4. நகை அடகு. அடகுச் சீட்டில் மீட்க வேண்டிய திகதி இருக்கும். அது தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். வட்டியை மட்டும் கட்டித் திகதியை நீடிக்கலாமா என்று அடகு வைக்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

5. குழுக் கடன். நம் பெண்கள் அதிகமாக எடுப்பது இதுதான். நகை, காணி எதுவும் கேட்க மாட்டார்கள். குழுவே ஒருவருக்கொருவர் பிணை. ஒரு அக்கா கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். காசு மட்டுமல்ல, பக்கத்து வீட்டு உறவும் இதில் அடகில் இருக்கிறது.

6. கைமாற்று வட்டிக் காசு. தாளும் இல்லை, சட்டமும் இல்லை. “நூற்றுக்குப் பத்து” என்று ஒரு வார்த்தைதான். 10,000 ரூபா எடுத்து மாதம் 1,000 ரூபா வட்டி கட்டினால் ஒரு வருடத்தில் 12,000 ரூபா போய்விடும். எடுத்த 10,000 ரூபா அப்படியே நிற்கும். வருடத்துக்கு நூற்றுக்கு 120 வீதம் வட்டி என்பது இதுதான்.

முதலாம் கணக்கு: மொத்தம் எவ்வளவு?

கடையில் நம்மிடம் சொல்வது ஒரே ஒரு கணக்கு. “மாசம் ஆறாயிரத்து ஐந்நூறுதான் அக்கா, கட்டிக்கிடலாம்” என்பார்கள். நாமும் தலையாட்டுவோம். மாதத் தவணையைப் பார்த்துப் பொருள் வாங்குவது வாலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவது மாதிரி. மொத்தத்தைக் கேட்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டியை எடுப்போம்.

கைக்காசு விலை: 95,000 ரூபா
முற்கட்டணம்: 15,000 ரூபா
தவணை: 6,500 ரூபா வீதம் 18 மாதம் = 117,000 ரூபா
நாம் கட்டும் மொத்தம்: 15,000 + 117,000 = 132,000 ரூபா
கூடுதலாகக் கட்டுவது: 132,000 – 95,000 = 37,000 ரூபா

இந்த 37,000 ரூபாவுக்கு நமக்கு வரும் பொருள் ஒன்றுமில்லை. 18 மாதம் முன்கூட்டிப் பெட்டி வீட்டுக்கு வந்ததற்கான கூலி அது.

இப்போது வேறு விதமாகப் பார்ப்போம். கையில் உள்ள 15,000 ரூபாவோடு மாதம் 6,500 ரூபாவை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ சேர்த்தால் 13 மாதத்தில் 99,500 ரூபா ஆகிவிடும். இடையில் விலை கொஞ்சம் ஏறினாலும் கைக்காசுக்கு வாங்கலாம். தவணை கட்டுகிறவருக்கு இன்னும் 5 தவணை மிச்சமிருக்கும்போது சேர்த்தவர் பெட்டியைச் சொந்தமாக வைத்திருப்பார். மாதம் 6,500 ரூபா தவணை கட்ட முடிந்த வீட்டால் அதே காசைச் சேர்க்கவும் முடியும். வித்தியாசம் பொறுமைதான்.

இரண்டாம் கணக்கு: 20 வீதம் என்றால் 20 வீதமா?

இது கொஞ்சம் கடினமான கணக்கு. நிதானமாக வாசியுங்கள்.

ஒருவர் 60,000 ரூபா கடன் எடுக்கிறார். வட்டி வருடத்துக்கு 20 வீதம் என்கிறார்கள். 12,000 ரூபா வட்டி. மொத்தம் 72,000 ரூபா. மாதம் 6,000 ரூபா வீதம் 12 மாதம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் முதலில் 5,000 ரூபாவும் வட்டியாக 1,000 ரூபாவும் கட்டுகிறோம். ஆறு மாதம் முடிந்ததும் நம் கையில் உள்ள கடன் 30,000 ரூபாதான். மற்ற 30,000 ரூபாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஏழாம் மாதமும் 60,000 ரூபாவுக்கான வட்டியைத்தான் கட்டுகிறோம். கடைசி மாதம் மிச்சக் கடன் 5,000 ரூபா. அதற்கும் வட்டி 1,000 ரூபா! திருப்பிக் கொடுத்த காசுக்கும் வட்டி கட்டுகிறோம். சரியாகக் கணக்குப் பார்த்தால் இந்தக் கடனின் உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் 35 வீதம்.

இதை ‘நிலையான வட்டி’ என்பார்கள். மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி போடுவது ‘குறைந்து செல்லும் வட்டி’. ஆகவே கடன் தருகிறவரிடம் இப்படிக் கேளுங்கள்: “ஐயா, இது நிலையான வட்டியா, குறைஞ்சு போற வட்டியா? எல்லாம் சேர்த்து நான் மொத்தம் எவ்வளவு கட்டணும்?” காப்புறுதிக் காசு, பத்திரக் காசு, சேவைக் காசு என்று முன்கூட்டியே கழிப்பது எவ்வளவு என்பதையும் கேளுங்கள். 60,000 என்று எழுதிவிட்டு 57,000 கையில் தந்தால், வட்டி இன்னும் கூடிவிட்டது என்று அர்த்தம்.

எந்த மாதச் சம்பளத்தைப் பார்த்துத் தவணை எடுப்பது?

இந்தப் பாடத்தில் நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான். தவணை ஒவ்வொரு மாதமும் ஒரே அளவு. நம் சம்பளம் அப்படியல்ல. கொழுந்து நிறையக் கிடைக்கும் மாதத்தில் பெயரும் கூட, மேலதிக இறாத்தலும் கூட. கையில் காசு நிற்கும்போதுதான் டவுனுக்குப் போய்த் தவணையில் கையெழுத்து வைக்கிறோம். பிறகு வரட்சி வருகிறது. நுவரெலியா, அட்டன், தலவாக்கலைப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கொழுந்து குறையும். வேலை நாளும் குறையும். தவணை குறையாது.

ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் வேலை. உதாரணத்துக்கு நல்ல மாதத்தில் கழிவு போகக் கைக்கு 50,000 ரூபா வருகிறது. வரட்சி மாதத்தில் 32,000 ரூபா. சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, பஸ் காசு, மின்சாரம் எல்லாவற்றுக்கும் 27,000 ரூபா வேண்டும். நல்ல மாதத்தைப் பார்த்தால் 23,000 ரூபா மிச்சம் மாதிரித் தெரியும். வரட்சி மாதத்தில் மிச்சம் 5,000 ரூபாதான். அதிலும் மருந்துக்கும் மரணச் சடங்குக்கும் கொஞ்சம் வைக்க வேண்டும். ஆகவே இந்தக் குடும்பம் எல்லாக் கடனும் சேர்த்து மாதம் 3,000 ரூபாவுக்கு மேல் தவணை எடுக்கக் கூடாது. 6,500 ரூபா தவணை எடுத்தால் வரட்சியில் என்ன நடக்கும்? அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுப்பார்கள். குழுக் கடனைக் கட்ட வட்டிக் காசு, வட்டிக் காசைக் கட்ட நகை அடகு, நகையை மீட்க இன்னொரு குழுக் கடன். சங்கிலியைக் கழுத்திலிருந்து கழற்றிக் காலில் போட்டுக்கொண்ட கதை.

இந்த நிலை வரும்போது முதலில் அடிபடுவது பிள்ளைகள்தான். உயர்தர வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகிறான். தாய் வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சியைத் தேடுகிறாள். வாங்கிய சாமான் வீட்டின் மூலையில் நிற்கிறது. அதைப் பாவிக்க வேண்டியவர்கள் வீட்டில் இல்லை.

எந்தக் கடன் நல்லது?

எல்லாக் கடனும் கெட்டதல்ல. தையல் மெசின் எடுத்து லயத்துப் பிள்ளைகளுக்கு யூனிஃபோர்ம் தைக்கிற பெண்ணுக்கு அந்த மெசினே தவணையைக் கட்டிவிடும். கூரை ஒழுகும்போது தகரம் வாங்க எடுக்கும் கடனும், பிள்ளையின் படிப்புக்கு எடுக்கும் கடனும் அவசியமானவை. மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: இது இல்லாமல் ஆறு மாதம் இருக்க முடியுமா? முடியும் என்றால் சேர்த்து வாங்குங்கள்.

இரண்டு: கடன் முடியும்வரை இந்தப் பொருள் உழைக்குமா? தீபாவளிக்கு எடுத்த உடுப்பு பொங்கலுக்குள் வெளுத்துவிடும். அதன் கடன் அடுத்த தீபாவளி வரை ஓடினால், கிழிந்த துணிக்குத் தவணை கட்டுகிறோம்.

மூன்று: வரட்சி மாதத்தில் இதைக் கட்ட முடியுமா? இதற்குப் பதில் “பாத்துக்கலாம்” என்பதாக இருந்தால் அந்தக் கடனை எடுக்க வேண்டாம்.

கையெழுத்து வைக்குமுன்

தவணைக் கொள்வனவுக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. அது 1982 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம். அதன்படி தவணை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இரு பக்கத்தாரும் கையெழுத்திட வேண்டும். பொருளை எப்படித் திருப்பி எடுக்கலாம் என்பதற்கும் அதில் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே இவற்றைக் கவனியுங்கள்.

வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ ஒருபோதும் கையெழுத்து வைக்காதீர்கள்.

சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளை விளங்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். “தமிழில் சொல்லுங்க, இல்லாட்டி வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிச்சிட்டு வாறேன்” என்று சொல்லுங்கள். அவசரப்படுத்துகிற இடத்தில் கடன் எடுக்காமல் இருப்பதே நல்லது.

கைக்காசு விலை, தவணை விலை, எத்தனை தவணை, பிந்தினால் எவ்வளவு தண்டம் என்ற நான்கும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வீடு தேடி வந்து வாங்குகிறவர் தெரிந்த தம்பியாக இருந்தாலும் பற்றுச்சீட்டு வேண்டும்.

அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், வங்கி அட்டை ஆகியவற்றை யாரிடமும் கடனுக்காகக் கொடுத்து வைக்காதீர்கள்.

பிணை விடயத்தில் மிகக் கவனம் தேவை. “சும்மா கையெழுத்து மட்டும் போடு மச்சான், மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்” என்று கேட்பவர் உண்மையாகவே நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் ஆட்டோ ஓடாவிட்டால், அவர் சுகமில்லாமல் படுத்துவிட்டால், லீசிங் கம்பனி நம் வீட்டுக்குத்தான் வரும். வங்கி, நிதிக் கம்பனிகளில் எடுக்கும் கடன் விபரம் 1990 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கொடுகடன் தகவல் பணியகத்தில் பதிவாகும். கட்டாமல் விட்ட கடன் அதில் இருந்தால், நாளைக்கு வீடு கட்ட நாமே ஒரு கடன் கேட்கும்போது கதவு மூடப்படலாம். அந்தக் கடனை முழுவதும் நாமே கட்ட முடியும் என்றால் மட்டும் பிணை போடுங்கள். முடியாவிட்டால் உறவு கெடாமல், “வீட்டில கேக்கணும்” என்று சொல்லி விலகுங்கள். வீட்டில் கேட்காமல் கணவனோ மனைவியோ தனியாக எடுக்கும் கடன்தான் பின்னால் பெரிய சண்டையாகிறது.

கட்ட முடியாமல் போனால்

ஒளிந்துகொள்ளாதீர்கள். வசூலுக்கு வருகிறவரைக் கண்டு கதவைப் பூட்டினால் தண்டம்தான் ஏறும். தவணை தவறுமுன்னரே காரியாலயத்துக்குப் போய், தவணையைச் சின்னதாக்கிக் காலத்தை நீடிக்க முடியுமா என்று கேளுங்கள். கடனை அடைக்க மாத வட்டிக் காசு எடுக்காதீர்கள். பல கடன் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கூடிய வட்டிக் கடனை முதலில் முடியுங்கள். அடுத்ததற்கு அதன் பிறகு கை வையுங்கள்.

மரியாதையில்லாமல் பேசினாலோ, இரவில் வந்து வாசலில் உட்கார்ந்தாலோ பயந்து அடங்கிப் போக வேண்டியதில்லை. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கி, நிதிக் கம்பனிகளைப் பற்றி மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பொருள், விலை, உத்தரவாதம் சம்பந்தமான குறைகளுக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. பயமுறுத்தல் என்றால் பொலிசுக்கும் போகலாம். கடன்பட்டவருக்கும் மானம் உண்டு.

வீட்டு வேலை

ஒரு 40 பக்கக் கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் வீட்டில் உள்ள எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு எடுத்தது, மாதம் எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை. இரண்டாம் பக்கத்தில் கடைக் கணக்கு. கடைக்காரர் தம் கொப்பியில் எழுதும் அதே நேரம் நம் கொப்பியிலும் எழுதச் சொல்லுங்கள். “இதிலயும் ஒரு வரி போடுங்க முதலாளி” என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் கோபிக்க மாட்டார். சம்பள நாளில் இரண்டு கொப்பியையும் ஒப்பிட்டுக் கட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுங்கள். பிள்ளைக்குக் கணக்கும் வரும், வீட்டின் கஷ்டமும் விளங்கும்.

கொப்பி எழுதி முடித்ததும் எல்லாத் தவணைகளையும் கூட்டிப் பாருங்கள். சென்ற வரட்சி மாதச் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள். கூட்டுத்தொகை அந்தச் சீட்டுக்குள் அடங்கினால் நிம்மதியாகத் தூங்கலாம். அடங்காவிட்டால் புதிதாக ஒன்றும் எடுக்காமல், அந்தக் கொப்பியோடு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.